பூன் டாட் தெரு சத்தே, ஒன்பது வருஷம் கழித்து

சிங்கப்பூரில் லாவ் பா சாட் சந்தைக்குப் பக்கவாட்டில் இருக்கிறது பூன் டாட் தெரு. சாயங்காலம் ஆனால் ரோட்டை மறித்து மேசை போட்டு, கரி அடுப்பில் சத்தே, அதாவது குச்சியில் கோத்த கறி, சுட ஆரம்பித்துவிடுவார்கள். 2015-இல் போனபோது தங்கிய ஐந்து நாளில் மூன்று ராத்திரி எனக்கு அங்கேதான் சாப்பாடு. 2024-இல் வேலையாக மறுபடி போனேன், பெட்டியை ஓட்டலில் போட்ட கையோடு அங்கேதான் நடந்தேன்.

வார நாளில் 7 மணிக்கு முன்னால் போகாதீர்கள், கார்தான் ஓடிக்கொண்டிருக்கும். நான் ஆறரைக்கே போய்விட்டு, 1894-இல் கட்டிய லாவ் பா சாட்டின் எட்டுமூலை இரும்புக் கூரைக்கு அடியில் கரும்புச்சாறு குடித்துப் பொழுதை ஓட்டினேன்.

முதல் ராத்திரி ஏமாந்தேன். தெருவுக்குள் கால் வைத்ததும் மெனு அட்டையோடு மறித்தவர் 'செட், செட்' (எல்லாம் கலந்த தட்டு) என்று சொல்லச் சொல்ல நானும் தலையாட்டி உட்கார்ந்துவிட்டேன். கேட்காத இறால் எல்லாம் சேர்ந்து வந்தது, கோழி வெளியே கருகி உள்ளே வேகாமல் இருந்தது. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை.

மறுநாள் உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொரு அடுப்பாகப் பார்த்துக்கொண்டே போனேன். 7, 8 எண் கடைக்குத்தான் எப்போதும் பெரிய கூட்டம், என் பழைய கடை அது இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி. அங்கே ஒரு பெரியவர் ஒரு கையால் ஓலை விசிறியை வீசிக்கொண்டே இன்னொரு கையால் ஒரு பிடி குச்சியை மொத்தமாகப் புரட்டுகிறார், கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் குச்சியைச் சட்டென்று தூக்கிவிடுகிறார், நுனி நசுக்கிய எலுமிச்சைப்புல் தண்டை எண்ணெயில் தோய்த்துத் தடவுகிறார். இதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஆள் அதே ஆள்தானா என்று சத்தியமாகத் தெரியாது, ருசி அதேதான்.

ஆட்டுக்கறி வாங்குங்கள். கோழியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், எனக்கு அது இனிப்பு தூக்கலாக இருக்கிறது. ஆட்டில் மஞ்சளும் மல்லி விதையும் நன்றாக ஏறி, ஓரத்துக் கொழுப்பு மட்டும் முறுகலாக இருக்கும். கூட வரும் கடலைக் குழம்பைச் சட்னி மாதிரி நினைத்து முக்கினால் ஏமாற்றம்தான், அது தித்திப்பு. பச்சை வெங்காயத்தோடு சேர்த்துக் கடித்தால் சரியாகிவிடும். கெத்துப்பாட் என்ற அமுக்கிய சோற்றுக்கட்டியைப் பலர் தொடுவதே இல்லை, குழம்பை வழித்துச் சாப்பிட அதுதான் லாயக்கு. 2015-இல் 10 குச்சிக்கு 6 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தேன், 2024-இல் 9. வயிற்றெரிச்சல்தான், ஆனால் சாப்பிட்டேன்.

நாங்கள் நாகப்பட்டினத்துக்காரர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே தெருவில் நடந்து தெலுக் ஆயர் தெரு முனைக்குப் போனால் நாகூர் தர்கா நிற்கிறது! 1830 வாக்கில் நம் பக்கத்திலிருந்து போன சோழியா முஸ்லிம்கள் கட்டியது. முதல் பயணத்தில் மூன்று ராத்திரியும் இதைப் பார்க்காமலே திரும்பியிருக்கிறேன், அவ்வளவு சாப்பாட்டு நினைப்பு.

டிஷ்யூ பாக்கெட் ஒன்று எடுத்துப் போங்கள். கை துடைக்கவும் ஆகும், மேசையில் போட்டு இடம் பிடிக்கவும் ஆகும், அங்கே அது எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். பார்சல் மட்டும் வாங்காதீர்கள். கடைசி ராத்திரி ஆசைப்பட்டு 20 குச்சி கட்டி வாங்கினேன், ஓட்டல் அறைக்கு வந்து பிரித்தால் கறி விறைத்துப்போய் ரப்பர் மாதிரி இருந்தது.