விருது வாங்கப் போய்க் கொடையாளர் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தோம்

வியாசர்பாடியில் ஒரு வாடகை மாடியில் 32 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சின்னத் தொண்டு அமைப்பு எங்களுடையது. பெயர் வேண்டாம், அது ஏற்கெனவே போதுமான அளவுக்குக் கெட்டுவிட்டது. இந்த மாதிரி அமைப்பு நடத்துகிறவர்களுக்கு நவம்பர் பிறந்தால் விருது அழைப்புகள் வரத் தொடங்கும். டிசம்பர் 5 சர்வதேச தன்னார்வலர் தினம் அல்லவா. ஐ.நா. 1985இல் அறிவித்த நாள். இங்கே சிலருக்கு அறுவடை நாள்.

2024 நவம்பரில் எங்களுக்கும் அழைப்பு வந்தது. "மேடம், மிக்ஜாம் வெள்ளத்தில் நீங்கள் செய்த சேவையைத் தேர்வுக் குழு நேரில் விசாரித்திருக்கிறது. தென்மண்டல அளவில் சிறந்த சேவை அமைப்பாக உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்றது மரியாதையான ஒரு குரல். 2023 டிசம்பரில் இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டும் சாம்பார் சாதமும் சுமந்தோம், உண்மைதான். அதைப் படத்தோடு முகநூலில் போட்டதும் நாங்கள்தான். நேரில் விசாரிக்க ஒரு ஈ, காக்கை வரவில்லை. இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக யாரும் திரும்பிப் பார்க்காத வேலையை ஒருவர் பாராட்டினால், அறிவு கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டுத்தான் வருகிறது.

பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் என்றார்கள். கட்டினோம். ஒரு வாரம் கழித்து, ஷீல்டுக்கும் சான்றிதழுக்கும் 6,500. அதற்கு ஜிஎஸ்டி 1,170. உடன் வரும் நான்கு பேருக்குச் சாப்பாடு 3,600. மொத்தம் 12,770. பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஐம்பது நாள் சுண்டல். பணம் போனது விருது தரும் அமைப்பின் கணக்குக்கு அல்ல, ஒரு தனி நபரின் கணக்குக்கு. ரசீதில் இருந்த ஜிஎஸ்டி எண்ணைப் பின்னால் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்: 14 எழுத்துகள். இருக்க வேண்டியது 15. தமிழ்நாட்டு எண் என்றால் 33இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் எந்த எண்ணையும் யாரும் சரிபார்க்கலாம். கட்டுவதற்கு முன்னால் எண்ணியிருக்கலாம்.

விழா எழும்பூர்ப் பக்கம் ஒரு ஓட்டலின் மேல்மாடியில். காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லி, ஒரு மணிக்குத் தொடங்கினார்கள். அழைப்பிதழில் போட்டிருந்த சிறப்பு விருந்தினர் வரவில்லை. அறுபது பேருக்கு மேல் வரிசையில் நின்றோம்: யோகா ஆசிரியர், வீட்டுமனைத் தரகர், இரண்டு ஜோசியர்கள். மேடையில் ஆளுக்கு அரை நிமிடம். போர்த்திய பொன்னாடையை மறுபக்கம் இறங்கும்போதே ஒரு பையன் வாங்கிக்கொண்டு, வரிசையின் தொடக்கத்துக்கு ஓடினான். அதே மஞ்சள் பொன்னாடை எத்தனை தோள் ஏறி இறங்கியதோ.

கீழே ஒருவர் என்னிடம் வந்து, இன்னும் 25,000 கொடுத்தால் அடுத்த மாதம் கௌரவ டாக்டர் பட்டமே வாங்கித் தருவதாகச் சொன்னார். 1956ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டப்படி பட்டம் கொடுக்க அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தால்தான் முடியும். 2023 பிப்ரவரியில் ஒரு தனியார் அமைப்பு அண்ணா பல்கலைக்கழக அரங்கிலேயே பிரபலங்களுக்கு இப்படிப் பட்டம் வழங்கி, பல்கலைக்கழகமே போலீசுக்குப் போக நேர்ந்தது. அது நினைவிருந்ததால் அந்த ஒன்றிலாவது தப்பித்தேன்.

வகுப்புக்குச் சமைக்கும் அக்கா மறுநாள் ஷீல்டை ஈரத்துணியால் துடைத்தார். எங்கள் பெயர் கையோடு உரிந்து வந்தது. அடியில் வேறு எழுத்து: 'சிறந்த மணப்பெண் அலங்காரம்'.

அன்று எல்லோரும் சிரித்தோம். அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். ஆண்டுக் கணக்கின்போது ஆடிட்டர், "இதை எந்தச் செலவில் காட்டுவது மேடம்?" என்று கேட்டது தவிர வேறு வலி இருந்திருக்காது.

விண்ணப்பப் படிவத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பதிவுச் சான்றிதழ், பான், கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி சான்று ஆகியவற்றின் நகல்கள் கேட்டார்கள். கூடவே, "உங்கள் சேவைக்குச் சான்று சொல்லக்கூடிய ஆறு கொடையாளர்களின் பெயர், கைப்பேசி எண்". நானே என் கையெழுத்தில் நிரப்பினேன்.

2025 மே மாதம் அடையாற்றிலிருந்து எங்கள் பழைய கொடையாளர் ஒருவர், வயதில் பெரியவர், தொலைபேசியில் கூப்பிட்டார். "அம்மா, ஜனவரியில் கொடுத்த 25,000க்கு வரிச் சலுகைக்கான 10பிஇ சான்றிதழ் இன்னும் வரவில்லையே?" ஜனவரியில் அவர் எங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அவர் அனுப்பிய ரசீதில் எங்கள் பெயர், எங்கள் 80ஜி எண், யாரோ போட்ட கையெழுத்து. ஆறு பேரையும் கூப்பிட்டேன். மூன்று பேர் கொடுத்திருந்தார்கள். "எங்கள் செயலாளர் அனுப்பச் சொன்னார்" என்று யாரோ கூப்பிட்டுக் கேட்டார்களாம். அந்தச் செயலாளர் நான்தான்.

2025இல் இருந்த விதிப்படி, 80ஜி நன்கொடை வாங்கும் அமைப்பு, நிதியாண்டு முடிந்து மே 31க்குள் 10பிடி படிவத்தில் கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறைக்குக் கொடுத்து, அவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். அது வருமான வரித் தளத்திலிருந்துதான் வரும். வீட்டில் அச்சடிக்க முடியாது. ரசீதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அந்தப் பெரியவர் வரிக் கணக்கில் கறாரானவராக இல்லாவிட்டால் எங்களுக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

சைபர் குற்ற உதவி எண் 1930இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். விருது தந்தவர்களின் எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

உங்கள் அமைப்புக்கு விருது ஆசை இருப்பதில் தப்பில்லை, எனக்கும் இருக்கிறது. பத்ம விருதுக்கு மத்திய அரசின் தளத்தில் எவரையும், தன்னையேகூட, காசில்லாமல் பரிந்துரைக்கலாம். சுதந்திர தினத்தன்று கோட்டையில் தமிழக அரசு மகளிர் நலனுக்காகச் சிறந்த தொண்டு நிறுவனத்துக்கு விருது தருகிறது. மகளிர் தினத்தையொட்டி அவ்வையார் விருதும் உண்டு. அங்கே யாரும் ஷீல்டுக்கு ஜிஎஸ்டி கேட்பதில்லை. கொடையாளர் எண்ணை யார் கேட்டாலும் முதலில் அந்தக் கொடையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 80ஜி நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று அதன் குறுக்கே பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

அந்த மூவரில் இருவர் எங்களுக்குத் தொடர்ந்து உதவுகிறார்கள். மூன்றாமவர் திட்டவில்லை, கோபப்படவும் இல்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.