வெளிநாட்டில் பிறந்தவர் அதிபராகலாமா? நாட்டுக்கு நாடு மாறும் விதிகள்

அமெரிக்காவில் அதிபர் வேட்பாளராக நிற்க அந்நாட்டு அரசியலமைப்பு மூன்று தகுதிகளைக் கேட்கிறது. 35 வயது நிறைந்திருக்க வேண்டும், 14 ஆண்டுகள் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும், பிறப்பிலேயே குடிமகனாக இருந்திருக்க வேண்டும். முதல் இரண்டையும் ஆவணங்களைப் பார்த்து ஒரு மணி நேரத்தில் சரிபார்த்துவிடலாம். மூன்றாவதற்கு என்ன பொருள் என்று அரசியலமைப்பு எங்கும் விளக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் எந்த அதிபர் வேட்பாளரின் விஷயத்திலும் இதுவரை அதை அறுதியிட்டுச் சொன்னதில்லை.

இதனால் வரும் சிக்கலுக்கு 2008 தேர்தலில் நின்ற ஜான் மெக்கெய்ன் நல்ல எடுத்துக்காட்டு. கடற்படை அதிகாரியின் மகனான அவர், 1936 ஆகஸ்டில், அன்று அமெரிக்காவின் கட்டுப்பாட்டில் இருந்த பனாமா கால்வாய் மண்டலத்தில் பிறந்தார். அந்த மண்டலத்தில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் குடிமக்களே என்று வெளிப்படையாகச் சொன்ன சட்டமோ 1937 ஆகஸ்டில்தான் வந்தது. அப்படியானால் பிறந்த அன்று அவர் குடிமகனா, அல்லது ஏறத்தாழ ஓராண்டு கழித்து வந்த சட்டத்தால் குடிமகன் ஆக்கப்பட்டவரா என்று சட்ட அறிஞர்கள் வாதிட்டார்கள். வியட்நாமில் ஐந்தாண்டுகளுக்கு மேல் போர்க் கைதியாகக் கிடந்த ஒருவருக்கு, அவர் தகுதியுள்ளவரே என்று செனட் சபை தீர்மானம் போட வேண்டியிருந்தது. அந்தத் தீர்மானத்துக்கும் சட்டத்தின் வலு கிடையாது. கனடாவின் கால்கரி நகரில் அமெரிக்கத் தாய்க்கும் கியூபாவில் பிறந்த தந்தைக்கும் பிறந்த டெட் குரூஸ் 2016இல் போட்டியிட்டபோது அதே கேள்வி மீண்டும் கிளம்பியது.

இவர்களுக்கு விவாதம் செய்யவாவது இடம் இருந்தது. கைக்குழந்தையாக வந்து, அங்கேயே வளர்ந்து, பின்னாளில் குடியுரிமை பெற்றவருக்கு அதுவும் இல்லை. நாட்டின் படைத்தலைமை அந்நியர் கைக்குப் போய்விடக் கூடாது என்று 1787இல் அமெரிக்க அரசியல் தலைவர் ஜான் ஜே, ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார். ஐரோப்பிய வல்லரசுகளின் நடுவே புதிதாகப் பிறந்த ஒரு குடியரசுக்கு அந்த அச்சம் இயல்பானதே. ஆனால் இன்று இந்த விதி யாரைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். 20 ஆண்டுகள் குடிமக்களாக இருந்தவர்கள் போட்டியிடலாம் என்று திருத்த 2003இல் செனட்டர் ஆரின் ஹேட்ச் ஒரு முன்மொழிவு கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை.

அயர்லாந்தின் விதியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது ஆகியிருக்க வேண்டும்; எங்கே பிறந்தார் என்ற கேள்வியே இல்லை. அங்கே 1959 முதல் 1973 வரை குடியரசுத் தலைவராக இருந்த ஏமன் டி வலேரா 1882இல் நியூயார்க்கில் பிறந்து, இரண்டு வயதில் அயர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டவர். இதே பயணத்தைத் திருப்பிப் போட்டு, அயர்லாந்தில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்து இரண்டு வயதில் நியூயார்க் வந்த ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தை அமெரிக்க அதிபராக வழியே இல்லை.

எஸ்டோனியா நடுவழியில் நிற்கிறது. பிறப்புவழிக் குடியுரிமை வேண்டும் என்கிறது. ஆனால் அது பெற்றோர் வழியாக வருவது, பிறந்த மண்ணைப் பொறுத்ததல்ல. அதனால்தான் அகதிகளாக வெளியேறிய பெற்றோருக்கு ஸ்டாக்ஹோமில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்த தோமஸ் ஹென்ட்ரிக் இல்வெஸ் 2006இல் அங்கே அதிபராக முடிந்தது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்கு இது நல்ல விதி. அந்நாட்டிலேயே பல்லாண்டு வாழ்ந்து, விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவருக்கு மட்டும் இங்கும் கதவு அடைப்புதான்.

இந்தியாவில் குடியரசுத் தலைவராக, அரசியலமைப்பின் 58ஆம் பிரிவு குடியுரிமையையும், 35 வயதையும், மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியையும் கேட்கிறது; பிறப்புவழிக் குடியுரிமையைக் கேட்பதில்லை. உயர் பதவிகளைப் பிறப்புவழிக் குடிமக்களுக்கு மட்டுமே ஒதுக்க வேண்டும் என்று 1999இல் சரத் பவார், சங்மா, தாரிக் அன்வர் ஆகியோர் எழுப்பிய கோரிக்கை சட்டமாகவில்லை. அது சட்டமாகாதது நல்லதே என்பது என் கருத்து.

தமிழ் வாசகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது இலங்கையைத்தான். அங்கே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வம்சாவளிக் குடியுரிமை, பதிவுக் குடியுரிமை என்று இரண்டு வகை வைத்து, மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. பிறகு அவர்களில் பலர் பதிவின் வழியாகவே குடியுரிமை பெற்றார்கள். 1978 அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரையோ, குடியுரிமை எவ்வழியில் வந்தது என்பதைக் கொண்டு குடிமக்களிடையே எந்த நோக்கத்துக்காகவும் வேறுபாடு காட்டக் கூடாது என்று சொல்கிறது. அமெரிக்க விதிக்கு நேர் எதிரான கொள்கை இது. பிறப்புவழிக் குடியுரிமைதான் தகுதி என்று அங்கே எழுதியிருந்தால், பதிவுச் சான்றிதழை மட்டுமே வைத்திருக்கும் ஒரு தோட்டத் தொழிலாளி வாக்குப் போடலாம், ஜனாதிபதி வேட்பாளராக மட்டும் நிற்க முடியாது என்றாகியிருக்கும்.

இலங்கை வேறொன்றைக் கேட்கிறது: இரட்டைக் குடியுரிமை கூடாது. 2015இல் 19ஆவது திருத்தம் கொண்டுவந்த இந்தத் தடையை 2020இல் 20ஆவது திருத்தம் நீக்கியது. 2022இல் 21ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் விதியும் மாறுவது எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் இந்தத் தடை நியாயமானது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இது வேட்பாளர் தாமே செய்து முடிக்கக்கூடிய ஒன்றைக் கேட்கிறது. பிறந்த ஊரை ஒருவரால் மாற்ற முடியாது. இன்னொரு நாட்டின் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க முடியும். 2019இல் கோட்டாபய ராஜபக்ச அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்துவிட்டதாக அறிவித்துப் போட்டியிட முன்வந்தபோது, அவருடைய இலங்கைக் குடியுரிமைச் சான்றிதழ் செல்லாது என்று மனு தாக்கலானது. மேன்முறையீட்டு நீதிமன்றம் வேட்புமனு நாளுக்கு முன்பே, அந்த ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி, மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பை ஏற்பவரும் ஏற்காதவரும் உண்டு. ஆனால் வாக்காளர்கள் வாக்குச்சாவடிக்குப் போவதற்கு முன்பே நீதிமன்றத்தில் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மெக்கெய்ன் விஷயத்தில் அமெரிக்க வாக்காளர்களுக்கு அது கிடைக்கவில்லை.