ஆர்.எக்ஸ். 100-க்கு ‘ஃபுல் கவர்’ என்று 6,200 ரூபாய் அடித்துவிட்டார்கள் – பழைய பைக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் போடும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடைப் பெயர் வேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ், எல்.எல்.ஆர்., இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே மேசையில் முடித்துத் தரும் கடைகள் உண்டல்லவா, அந்த மாதிரி ஒன்று.

வண்டி 1993 மாடல் ஆர்.எக்ஸ். 100, அப்பா வாங்கியது. இந்த வயசு வண்டிக்கு ஆன்லைனில் தேடினால், நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கு மட்டும் பணம் தரும் தேர்ட் பார்ட்டிதான் வருகிறது. வண்டிக்கே அடிபட்டால் பணம் கிடைக்கிற பாலிசி கேட்டால் கம்பெனிக்காரர்கள் நழுவுகிறார்கள். 5 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐ.டி.வி., அதாவது இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு, எவ்வளவு என்பதைக் கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்றுதான் விதி இருக்கிறது. அந்த விதியைச் சொல்லித்தான் கடைக்காரர் பேச்சை ஆரம்பித்தார். விஷயம் தெரிந்த ஆள் என்று பட்டது.

அதைவிட, அவர் வண்டியைப் பார்த்த விதம். வெளியே வந்து, கிக்கரை உதைத்து, கொஞ்ச நேரம் சத்தத்தை மட்டும் கேட்டார். “ஜப்பான் சாமான் சார், பாலிஷ் போட்டுக் கெடுத்துடாதீங்க” என்றார். குனிந்து, இன்ஜின் நம்பர் மேல் இருந்த ஆயில் பிசுக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்து, டார்ச் அடித்துப் படம் எடுத்தார். இவ்வளவு பக்குவமாகச் செய்கிற மனுஷன் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? “80,000 ஐ.டி.வி. போட்டுடலாம் சார். விண்டேஜ் ஸ்கீம்ல பாதி ரேட். 6,200 ஆகும்” என்றார். ஜிபே செய்தேன். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் பாலிசி வந்துவிட்டது. வண்டி விவரம் காட்டும் அரசாங்க ஆப் எம்பரிவாஹனில் பார்த்தால் இன்சூரன்ஸ் தேதியும் சரியாக இருந்தது.

போன வாரம் துவாக்குடி போகிற வழியில் நாய் குறுக்கே வந்து வண்டியோடு விழுந்தேன். எனக்கு முட்டியில் சிராய்ப்புதான். வண்டிக்கு டேங்க் நசுங்கி, ஹெட்லைட் உடைந்து, ஃபோர்க்கும் வளைந்துவிட்டது. ஒரிஜினல் டேங்க் இன்று என்ன விலை என்று ஆர்.எக்ஸ். வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளைம் போட கம்பெனிக்கு போன் செய்தால், போனை எடுத்த பெண் பாலிசி நம்பரைப் பார்த்துவிட்டு, “சார், இது தேர்ட் பார்ட்டி மட்டும்தான்” என்கிறார்.

பாலிசியில் இருந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. நிஜ பாலிசியில் பிரீமியம் 714, ஜி.எஸ்.டி. 18 சதவீதம், மொத்தம் 843 ரூபாய். பாலிசி நம்பர், தேதி எல்லாம் நிஜம். அதனால்தான் எம்பரிவாஹனில் சரியாகக் காட்டியிருக்கிறது. பி.டி.எஃப்.-ல் தொகைகளை மட்டும் மாற்றி, 80,000 ஐ.டி.வி. என்று அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு அக்கிரமம், எனக்கு ஏற்கெனவே 15 லட்சத்துக்குத் தனி விபத்துக் காப்பீடு இருப்பதாக அவர்களே எழுதி, பாலிசியில் ஓட்டுகிற எனக்கான விபத்துக் காப்பீட்டையும் கழற்றிவிட்டிருக்கிறார்கள். விழுந்ததில் எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் வீட்டுக்கு ஒரு பைசா வந்திருக்காது. 6,200-ல் 5,357 ரூபாய் அவர்கள் பையில்.

கேட்கப் போனால் முதலில் “சர்வர்ல ஏதோ மிஸ்டேக் சார், எண்டார்ஸ்மென்ட் போட்டா சரியாயிடும்” என்றார்கள், பாலிசியில் திருத்தம் போடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அப்புறம் “போட்டுக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போயிட்டான்”. அந்தப் ‘பையன்’ உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது! ஜிபே ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் “இது எங்க கடை நம்பரே இல்லையே” என்கிறார்கள். கடைசியில் முதலாளி என்று ஒருவர் வந்து, “6,200 ரூபாய்க்கு இவ்வளவு சத்தமா சார்? ஐந்நூறு வாங்கிட்டுப் போங்க” என்றார். அந்த ஐந்நூறை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். இப்போது வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார்கள்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன். ஸ்டேஷனுக்குக் கிளம்ப வேண்டும், அதனால் முக்கியமானது மட்டும்.

தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை நிர்ணயிப்பது அரசாங்கம். 75-க்கு மேல் 150 சி.சி. வரை 714, அதற்கு மேல் 350 வரை 1,366, அதையும் தாண்டினால் 2,804. ஜி.எஸ்.டி. தனி. பழைய புல்லட், யெஸ்டி எல்லாம் நடு ரகம். இதில் ‘தெரிஞ்ச ஆள்’ யாரும் குறைத்துத் தர முடியாது. விண்டேஜ் என்று யாராவது ஆரம்பித்தால், 2021 விதிப்படி வண்டிக்கு 50 வயசு தாண்டியிருக்க வேண்டும். ஆர்.எக்ஸ். 100 வந்ததே 1985-ல். பாதி ரேட் சலுகையும் விண்டேஜ் கார்களுக்குத்தான், பைக்குக்கு இல்லை.

பாலிசி கைக்கு வந்ததும் க்யூ.ஆர். ஸ்கேன் செய்யுங்கள். எம்பரிவாஹன் தேதியை மட்டும் நம்பாதீர்கள். பணத்தைக் கம்பெனி லிங்க்கில் மட்டும் கட்டுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யிடம் புகாருக்கு 155255. ரசீது கேட்டால் “பாலிசியே ரசீதுதான் சார்” என்பார்கள், எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.