தீர்ப்பை முழுசாகப் படிக்க ஒரு இலவச வழி: இ-எஸ்சிஆர் தளம், மதிப்புரை

தில்லி திலக் மார்க்கில் உள்ள உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்படும் தீர்ப்பு, அதே ஊரில் முனிர்க்காவிலும் மயூர் விஹாரிலும் இருக்கும் தமிழர்களுக்குப் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் நாலு வரியாகத்தான் வந்து சேர்கிறது. அந்த நாலு வரி தீர்ப்பில் எங்கே இருக்கிறது, அதைச் சொன்னது நீதிபதியா வக்கீலா என்று சரிபார்க்க இப்போது காசு செலவழிக்க வேண்டியதில்லை.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் திறந்த இ-எஸ்சிஆர் தளம் அதற்குத்தான். 1950 முதல் வெளிவரும் ‘சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்’ (எஸ்சிஆர்) அதிகாரபூர்வத் தொகுதிகள் இங்கே பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. திறந்தபோதே சுமார் 34,000 தீர்ப்புகள் இருந்தன. தனியார் சட்ட இதழ்களுக்குச் சந்தா கட்ட முடியாத இளம் வக்கீலுக்கும், வழக்குக்காக ஊரிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்குபவருக்கும் ஒரே பக்கம் கட்டணமில்லாமல் திறக்கிறது. இது பெரிய காரியம்.

தேடும் வசதி நன்றாகவே இருக்கிறது. சொல்லைப் போட்டுத் தேடலாம், வந்த முடிவுகளுக்குள் மறுபடி தேடலாம். வழக்கு வகை, ஆண்டு, நீதிபதி, தொகுதி, அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்றும் வடிகட்டலாம். பெயரை வைத்துத் தேடும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பு பற்றிய கேசவானந்த பாரதி வழக்கையே ‘எச்’ சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். ஆண்டு, ஐஎன்எஸ்சி (இந்திய உச்ச நீதிமன்றத்தைக் குறிக்கும் எழுத்துகள்), வரிசை எண் என்று அமைந்த பொது மேற்கோள் எண் கையில் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. பழைய தீர்ப்புகளுக்கும் அந்த எண் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தத் தளத்தின் பலத்தையும் குறையையும் ஒருசேரப் பார்க்க, புத்தகங்கள் மீதான வழக்குகளை எடுத்துக்கொள்வது நல்லது. முதலில் ரஞ்சித் உதேஷி வழக்கு, 1964 ஆகஸ்ட் 19, [1965] 1 எஸ்சிஆர் 65, அதாவது 1965-இன் முதல் தொகுதி, 65-ஆம் பக்கம். ‘லேடி சாட்டர்லீஸ் லவர்’ நாவலின் வெட்டப்படாத பதிப்பை விற்றதற்காக பம்பாய் புத்தகக் கடைக்காரர் மீது அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆபாசம் பற்றிய 292-ஆம் பிரிவில் வழக்கு. நாவலுக்கு ஆதரவாக எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் சாட்சி சொன்னார். ஐந்து நீதிபதிகள் அமர்வு தண்டனையை உறுதி செய்தது. ஆபாசமா இல்லையா என்பதை நிபுணர் சாட்சியிடம் விட்டுவிட முடியாது, நீதிபதியே புத்தகத்தைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்றார்கள். அதற்கு அளவுகோலாக எடுத்தது 1868-இல் இங்கிலாந்தில் பிறந்த ஹிக்ளின் சோதனை: எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனம் இதைப் படித்தால் என்ன ஆகும்?

அடுத்து ‘உதேஷி’ என்ற பெயரையே தேடல் பெட்டியில் போடுங்கள். அந்தத் தீர்ப்பைப் பின்னால் பேசிய தீர்ப்புகள் வரிசையாக வரும். அவற்றில் சமரேஷ் போஸ் வழக்கைத் தவறாமல் படிக்க வேண்டும். அவர் எழுதி 1967-இல் வந்த வங்க நாவல் ‘பிரஜாபதி’. மாஜிஸ்திரேட் தண்டித்தார், கல்கத்தா உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 1985 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு நாவலுக்கு நியாயம் கிடைக்கப் பதினெட்டு ஆண்டுகள். கொச்சையாக இருப்பதெல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்றது தீர்ப்பு. நீதிபதி முதலில் எழுத்தாளரின் இடத்தில் நின்று அவர் என்ன சொல்ல வருகிறார் என்று பார்க்க வேண்டும், பிறகு புத்தகம் யார் யார் கைக்குப் போகுமோ அந்த எல்லா வயது வாசகரின் இடத்திலும் நிற்க வேண்டும் என்றும் வழி காட்டியது. இலக்கிய விமர்சகர்களும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய பகுதி அது. 2014-இல், பத்திரிகையில் வந்த நிர்வாணப் படம் பற்றிய அவீக் சர்க்கார் வழக்கில் ஹிக்ளின் சோதனையைக் கைவிட்டு, சமூகத்தின் சமகால அளவுகோலைக் கொண்டு பார்க்க வேண்டும் என்றார்கள்.

இங்கே எண்ணிக்கையைக் கவனியுங்கள். உதேஷி ஐந்து நீதிபதிகள், பின்னால் வந்த இரண்டும் இரண்டு நீதிபதிகள். சிறிய அமர்வு பெரிய அமர்வின் தீர்ப்பை ரத்து செய்ய முடியாது. அதனால் எந்தத் தீர்ப்பு எதை எந்த அளவுக்கு மாற்றியது என்பதை வாசகர்தான் வரிவரியாக எடை போட வேண்டும். ‘இது இன்றும் செல்லுமா’ என்ற கேள்விக்கு பிடிஎஃப் பதில் சொல்லாது. அந்த வேலை முழுக்க நம் தலையில்தான் விழுகிறது.

படிக்கும் முறையிலும் மூன்று இடத்தில் அடிக்கடி சறுக்குகிறார்கள். முதலாவது, தொடக்கத்தில் தீர்ப்பின் சாரத்தைச் சொல்லும் தலைக்குறிப்பு. அது தொகுப்பாசிரியர்கள் எழுதியது, தீர்ப்பின் பகுதி இல்லை. சமீபத் தொகுதிகளில் அதைத் தயாரித்தவரின் பெயர் கடைசியில் தனியாக அச்சாகியிருக்கும். மேற்கோள் காட்டுவதானால் உள்ளே போய் மூலப் பத்தியிலிருந்துதான் எடுக்க வேண்டும். பழைய தொகுதிகள் பலவற்றில் பக்க ஓரத்தில் ஏ முதல் எச் வரை எழுத்துகள் இருக்கும். பக்க எண்ணோடு அந்த எழுத்தையும் சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் நொடியில் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாவது, வக்கீல்களின் வாதத்தைத் தொகுத்துச் சொல்லும் பத்திகள். மனுதாரர் தரப்பு வாதத்தை அப்படியே வெட்டியெடுத்து ‘உச்ச நீதிமன்றம் சொன்னது’ என்று பரப்புவதுதான் நாம் பார்க்கும் பாதித் தவறுகளுக்குக் காரணம். பத்தி எப்படித் தொடங்குகிறது என்று நாலு பத்தி மேலே போய்ப் பாருங்கள். மூன்றாவது, மாறுபட்ட தீர்ப்பு. அரசியலமைப்பின் 145(5) பிரிவுப்படி பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னதே தீர்ப்பு. மாறுபட்டவரின் வாதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சட்டம் ஆகாது.

கேசவானந்த பாரதி இதற்குக் கடினமான பாடம். 1973 ஏப்ரல் 24, பதிமூன்று நீதிபதிகள், பதினோரு தனித்தனித் தீர்ப்புகள், 7-க்கு 6 என்ற பெரும்பான்மை. ஒன்பது பேர் கையெழுத்திட்ட சுருக்கம் ஒன்று உண்டு, நான்கு பேர் அதில் கையெழுத்திடவில்லை. அந்தச் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் நீதிபதி எச்.ஆர். கன்னாவின் தீர்ப்பைப் படித்தால்தான் பெரும்பான்மை எங்கே கூடியது என்று பிடிபடும்.

தமிழ் மொழிபெயர்ப்பு வசதிக்கு வருவோம். 2019-இல் அறிமுகமான ‘சுவாஸ்’ மொழிபெயர்ப்பு மென்பொருளின் துணையோடு தமிழிலும் தீர்ப்புகள் வருகின்றன. எல்லாத் தீர்ப்புகளும் தமிழில் இல்லை. வழக்கின் கதை, தரப்புகள், முடிவு ஆகியவற்றைப் புரிந்துகொள்ளத் தமிழ் வடிவம் போதும். ஆனால் அதிலேயே எச்சரிக்கையும் போட்டிருக்கிறார்கள்: வழக்காடுபவர் தம் மொழியில் புரிந்துகொள்ள மட்டுமே இது, நடைமுறைக்கும் நிறைவேற்றலுக்கும் ஆங்கில மூலமே செல்லும். ஆகவே கடைசிப் பத்திகளை ஆங்கிலத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். தொகை, வட்டி விகிதம், எத்தனை நாளுக்குள், எந்த நீதிமன்றத்துக்கு வழக்கு திரும்பிப் போகிறது, இந்த நான்கும் பொருந்தினால் போதும்.

இல்லாதவை: அன்றாட உத்தரவுகள் இங்கே கிடைக்காது, அவற்றுக்கு உச்ச நீதிமன்றத்தின் முதன்மைத் தளம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் கிடையாது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5-இல் சொன்ன தீர்ப்பு வேண்டுமானால் இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தேடல் தளத்துக்குப் போக வேண்டும். எழுத்தாளர் மீண்டெழுந்து எழுதட்டும் என்ற அதன் கடைசி வரிகள் எல்லோருக்கும் தெரியும். சமாதானக் கூட்டத்தில் எழுத்தாளரிடம் வாங்கிய ஒப்பந்தம் அவரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்ற பகுதிதான் நாளை இன்னொரு எழுத்தாளருக்குக் கைகொடுக்கும்.

சொந்த வழக்கில் தீர்ப்பு வந்திருந்தால் மட்டும் இந்தத் தளத்தை நம்பி உட்காராதீர்கள். மறுஆய்வு மனுவுக்குத் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள்தான். அந்த மனு பொதுவாக, முடிந்தவரை அதே நீதிபதிகளிடம், வாய்மொழி வாதம் இல்லாமல் கோப்பாகச் சுற்றுக்குப் போகும். தொகுதியில் அச்சாகி இங்கே ஏறுவதற்குள் அந்தக் கெடு போய்விடலாம். முதன்மைத் தளத்தில் தீர்ப்பு ஏறியதும் இறக்கிக்கொண்டு, சான்றிட்ட நகலுக்கும் உடனே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.