பூண்டு எண்ணெயா, சொட்டு மருந்தா? ஆற்றுக் குளியலுக்குப் பின் வந்த காதுவலி

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டித் திருவையாற்றுக்கு வந்துவிட்டால் எனக்குக் கால் வீட்டில் நிற்காது. வயது 44. ஆடி பிறந்த முதல் வாரம் நாலு நாள் தொடர்ந்து முங்கு நீச்சல். ஐந்தாம் நாள் வலது காதில் அரிப்பு. பைக் சாவியை விட்டுக் குடைந்தேன். அந்த நிமிஷம் சொர்க்கம். மறுநாள் ராத்திரி அந்தப் பக்கம் தலையணையில் வைக்க முடியவில்லை. இட்லியை மெல்லும்போதுகூடத் தாடையோரம் சுருக்கென்றது.

அத்தை பூண்டு எண்ணெய் என்றார், மச்சான் நுரைக்கிற மருந்து என்றார், மருந்துக்கடையில் ஒரு சொட்டு பாட்டில் கொடுத்தார்கள், கடைசியில் டாக்டர். இதில் பெரும்பாலானதை என் காதிலேயே பார்த்துவிட்டதால் எதற்கு எவ்வளவு மார்க் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் எந்தக் காதுவலி என்று தெரிய வேண்டும். காது மடலைப் பிடித்து இழுத்தாலோ, ஓட்டைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன மேட்டை அழுத்தினாலோ உயிர் போகிறதா? அப்படியானால் அநேகமாக வெளிக்காதுப் புண். சளி, காய்ச்சலோடு வந்து, மடலை இழுத்தாலும் வலி கூடாமல் இருந்தால் செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் நடுக்காதாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

வெளிக்காதுக் குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர்தான். குரும்பியை நாம் அழுக்கு என்கிறோம். உண்மையில் அது அந்தக் குழாயின் எண்ணெய்ப் பூச்சு, லேசான புளிப்புத்தன்மை உள்ள காவல். தண்ணீரில் ஊறித் தோல் தளர்ந்திருக்கும்போது சாவியும் பட்ஸும் காவலையும் கிளப்பி, தோலிலும் கீறல் போடுகின்றன. சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரியான பாக்டீரியாக்களுக்கு அது போதும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது அத்தையின் எண்ணெய். "ஒரு பல்லு பூண்டு போதும்டா, காலையில போயிடும்" என்று நல்லெண்ணெயில் தட்டிப் போட்டுக் காய்ச்சி, கரண்டியோரமாய் விட்டார். பொய் சொல்லக் கூடாது, அரை மணி நேரம் சுகமாக இருந்தது. தூங்கிவிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்தபோது காது களிமண் வைத்து அடைத்தது போலிருந்தது, வலி இரண்டு மடங்கு. சுகம் கொடுத்தது பூண்டு அல்ல, சூடு. எண்ணெய் உள்ளே போய் ஈரத்தையும் கசடையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அதற்கப்பாலும் இறங்கும். சூடு அதிகமாகிக் குழாய் வெந்துபோகவும் கூடும். அந்தச் சூடு மட்டும் வேண்டுமென்றால் வெளியிலிருந்தே கிடைக்கும்: துணியில் தவிட்டை முடிந்து தோசைக்கல்லில் வாட்டி, கன்னத்தில் வைத்துப் பார்த்து, பிறகு காதின் மேல் ஒத்தடம். அத்தையின் வைத்தியத்தில் நான் வைத்துக்கொண்டது இதை மட்டும்தான்.

மச்சான் சொன்ன ஹைட்ரஜன் பெராக்ஸைடை விடவில்லை. நுரைப்பதைப் பார்த்தால் ஏதோ நடப்பது போலிருக்கும், அவ்வளவே. இறுகிய குரும்பியை இளக்க உதவுவதை, புண்ணான தோலில் விட்டால் எரியும். வினிகருக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. அசிட்டிக் அமிலம் 2 சதவீதச் சொட்டாக உண்மையிலேயே மருந்துதான், ஆரம்ப நிலையில் கேட்கும். ஆனால் அடுப்படி வினிகர் அதைவிடக் கடுமையானது. ஏற்கெனவே கீறிய காதில் அதை விட எனக்குத் தைரியம் இல்லை.

அப்புறம் மருந்துக்கடை. "காதுவலிக்கு" என்று மட்டும் கேட்டேன், அது என் தப்பு. இரண்டு நாள் விட்டேன், விட்டதும் மரத்துப்போய் இதமாக இருந்தது. மூன்றாம் நாள்தான் லேபிளைப் படித்தேன்: பாராடைகுளோரோபென்சீன், பென்சோகெய்ன். முன்னது குரும்பியைக் கரைக்க, பின்னது மரத்துப்போக வைக்க. கிருமிக்கு அதில் ஒன்றுமில்லை. வலி அடங்கியது என்று நான் மகிழ்ந்த இரண்டு நாளும் புண் வளர்ந்துகொண்டிருந்தது.

சரியான சொட்டு எது என்பதிலும் போட்டி இருக்கிறது. பாக்டீரியா என்றால் சிப்ரோஃப்ளாக்சசின். கூடவே டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் வீக்கம் வடிந்து வலி சீக்கிரம் குறையும். நியோமைசின் கலந்தவை சிலருக்கு ஒவ்வாமை தரும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கேட்கும் திறனுக்கே ஆபத்து. பூஞ்சையாக இருந்தால் ஆன்டிபயாடிக் சொட்டு உதவாது, அதை இன்னும் தழைக்க வைக்கும், அதற்கு குளோட்ரிமசோல். வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஆன்டிபயாடிக் மாத்திரை? புண் காதோடு நிற்கும்வரை சாதாரணமாகத் தேவையில்லை. சொட்டு மருந்து மாத்திரையைவிடப் பல மடங்கு செறிவோடு நேராகப் புண்ணில் போய் விழுகிறது.

கட்டணத்தை நினைத்துத் தள்ளிப்போட்ட ஈஎன்டி டாக்டரிடம் அன்று சாயங்காலம் தஞ்சாவூர் போனேன். விளக்கு வைத்துப் பார்த்த உடனே, "எண்ணெய் விட்டீங்களா?" திரையில் காட்டினார். நனைந்த செய்தித்தாள் மாதிரி சாம்பல் நிறக் கசடு, அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சை. சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்தார். சத்தம் காதுக்குள் லாரி ஓடுகிற மாதிரி. எழுந்தபோதே பாதி வலி போயிருந்தது. நான் விட்ட எந்தச் சொட்டும் அந்தக் கசடைத் தாண்டித் தோலைத் தொட்டிருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. வீங்கிக் குழாய் அடைத்திருந்தால் மருந்து உள்ளே இறங்கத் திரி வைப்பார்களாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

குளோட்ரிமசோல் சொட்டு 2 வாரத்துக்கு. விடுகிற விதம்தான் அவர் அழுத்திச் சொன்னது: பாட்டிலை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்ற வேண்டும், ஜில்லென்று விட்டால் தலை சுற்றும். காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து விட்டு, அந்தச் சின்ன மேட்டை நாலு தரம் அழுத்தி, 5 நிமிஷம் அப்படியே கிடக்க வேண்டும். ராத்திரி வலிக்குப் பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. இபுப்ரோஃபென் வீக்கத்துக்கும் நல்லதுதான். எனக்கு வயிற்றுப்புண் உண்டு, அதனால் தொடவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தொடாமல் இருப்பது நல்லது.

சர்க்கரைக்காரர்களுக்கு மட்டும் இந்த ஒப்பீடெல்லாம் கிடையாது. தூங்கவிடாத வலி, நிற்காத சீழ், முகம் ஒரு பக்கம் இழுப்பது என்றால் புண் மண்டையோட்டு எலும்புக்குப் போய்க்கொண்டிருக்கலாம். எண்ணெயும் வேண்டாம், மருந்துக்கடையும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சொட்டு ஆரம்பித்து மூன்றாம் நாள் இட்லியை இரண்டு பக்கமும் மென்றேன். ஆற்றுக்கு மட்டும் அனுமதி இல்லை. பதினெட்டாம் பெருக்கன்று புஷ்ய மண்டபத் துறையில் கடைசிப் படியில், வாஸ்லைன் தடவிய பஞ்சை வலது காதில் வைத்துக்கொண்டு, கையில் எலுமிச்சைச் சாதத்தோடு உட்கார்ந்திருந்தேன். அத்தை மஞ்சள், பூவோடு காவேரிக்குக் காதோலை கருகமணி விட்டுக்கொண்டிருந்தார்.