சிங்கப்பூரா மலேசியாவா: எங்கே அதிக நாள்?

குடும்பத்தோடு இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம்; நாட்களைப் பிரிப்பதில்தான் சிக்கல்.

சிங்கப்பூர் சின்ன ஊர். எம்ஆர்டி ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருப்பதால் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் முட்டிவலிப் பாட்டிக்கும் சிரமமில்லை. ஹோட்டல் வாடகைதான் கையைக் கடிக்கும். மூன்று நாள் தாராளம்.

மலேசியாவில் அதே பணத்துக்குப் பெரிய அறை கிடைக்கும். ஆனால் ஊர்விட்டு ஊர் போகவே நேரம் ஓடிவிடும். பத்துமலை முருகன் குகைக்கோயிலுக்கு 272 படி. ஏற முடியாதவர்கள் கீழே முருகன் சிலையருகே உட்காரலாம். கேமரன் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறும், பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை கையில் இருக்கட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரைத் தீவுகளில் பருவமழை; அப்போது மேற்கே லங்காவிதான் சரி. குழந்தைகள் ஓடியாட இடம் வேண்டும் என்பதால் என் ஓட்டு மலேசியாவுக்கே. மிச்ச நாளெல்லாம் அங்கேதான்.

இரு நாட்டையும் இணைக்கும் ஜொகூர் பாலத்தைப் பஸ்ஸில் கடந்தால், பாஸ்போர்ட் சோதனைக்காக இரண்டு பக்கமும் பெட்டியோடு இறங்கி, வரிசையில் நின்று ஏற வேண்டும். வெள்ளி மாலையைத் தவிருங்கள். ஊர் திரும்பும் விமானத்தைக் கோலாலம்பூரிலிருந்தே போட்டால் மறுபடி அந்த வரிசையில் நிற்க வேண்டாம்.