எத்தனால் சோதனைக் குழாய்: கண்ணாடியில் வாங்குங்கள்

அமெரிக்காவில் செஸ்னா 150 போன்ற சிறு விமானத்துக்கு எஸ்டிசி (விமானத்தின் மூல வடிவமைப்பில் மாற்றம் செய்யத் தரும் கூடுதல் சான்றிதழ்) அனுமதி இருந்தால் கார் பெட்ரோல் ஊற்றலாம். அதில் எத்தனால் (பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால்) மட்டும் இருக்கக் கூடாது, ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும். எத்தனால் இல்லை என்று சொல்லும் பங்க் போர்டை நம்பாதீர்கள், சோதித்துப் பாருங்கள். அளவுக்கோடு போட்ட இந்தக் கண்ணாடிக் குழாய் நன்றாக வேலை செய்கிறது. 10 மில்லி தண்ணீர், மேலே 90 மில்லி பெட்ரோல். மூடிக் குலுக்குங்கள்; ஆவி அழுத்தும், மூடியை மெதுவாகத் திறங்கள். பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் மட்டம் 10-ஐத் தாண்டினால் எத்தனால் அதில் இறங்கியிருக்கிறது. அந்தப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். ஒரு சொட்டு உணவுச் சாயம் விட்டால் தண்ணீர் மட்டுமே நிறமேறும், கோடு பளிச்சென்று தெரியும். மலிவு பிளாஸ்டிக் குழாய் பெட்ரோல் பட்டு மங்கிவிடும். எல்லாப் பெட்ரோல் ரகத்துக்கும் ஒரே ஹோஸ் உள்ள பம்பா? முந்தைய வண்டிக்குப் போட்டது ஹோஸில் தேங்கியிருக்கும்; முதல் கேலனைக் காருக்கு விட்டுவிட்டு மாதிரி எடுங்கள்.